சிறகோரத்தில் உரிந்த வண்ணம்: 1/48 ஸ்பிட்ஃபயர் மாதிரி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

இரண்டாம் உலகப் போர்க்காலத்து பிரிட்டிஷ் போர்விமானமான ஸ்பிட்ஃபயரின் பிளாஸ்டிக் சிறுமாதிரி ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தேன். ஒரு நிறம் இன்னொன்றின் மேல் படாமல் மறைக்க ஒட்டியிருந்த மாஸ்கிங் டேப்பை இழுத்தபோது, இடச்சிறகின் மேற்பரப்பிலிருந்து ஏறக்குறைய 3 செ.மீ. நீளமும் அரை செ.மீ. அகலமும் உள்ள வண்ணப் படலம் டேப்போடு ஒட்டிக்கொண்டு கழன்று வந்தது. மாதிரியின் வேலை அப்போது முக்கால்வாசிக்கு மேல் முடிந்திருந்தது. பாகங்கள் ஒட்டப்பட்டு, ப்ரைமர் என்னும் அடிப்பூச்சு அடிக்கப்பட்டு, உருமறைப்பு வண்ணங்கள் மூன்றும் பூசப்பட்டு, சிறகின் முன்விளிம்பில் மஞ்சள் பட்டையும் தீட்டப்பட்டுவிட்டது. சின்னங்களும் எழுத்துகளும் அச்சிட்ட டீக்கல் ஒட்டுவதும் மேற்பூச்சுமே மிஞ்சியிருந்தன. அந்த ஒரு துண்டு ஏன் உரிந்தது என்று தேடத் தொடங்கிய நான், மாதிரி முழுவதையும் வெறும் பிளாஸ்டிக்காக ஆக்கி, ஒரு சிறகை அறுத்தெடுத்து மறுபடி ஒட்டும் வரை போக வேண்டியதாயிற்று. வண்ணத்தில் தெரிந்த பழுதுக்குக் காரணம் வண்ணத்தில் இல்லை. அதற்கு இரண்டு படிகள் கீழே இருந்தது. அதைவிடப் பெரிய பழுது ஒன்று அதற்கும் கீழே, பசை வைத்த நாளிலேயே உண்டாகி, வண்ணத்தை அகற்றும் வரை கண்ணில் படாமல் இருந்தது. இரண்டையும் நடந்த வரிசையிலேயே இங்கே பதிவு செய்கிறேன்.

மாதிரியும் முதல் கட்டுமானமும்

எடுத்துக்கொண்ட விமானம் ஸ்பிட்ஃபயர் மார்க் ஃபைவ் பி. உண்மையான விமானத்தின் சிறகு வீச்சு 11.23 மீட்டர், நாற்பத்தெட்டில் ஒரு பங்காகச் சுருக்கிய 1/48 அளவில் அது 23.4 செ.மீ. ஆகிறது. பிரிட்டிஷ் விமானப்படை 1941 ஆகஸ்டில் பகல்நேரப் போர்விமானங்களுக்குக் கொண்டுவந்த உருமறைப்பையே இதற்குத் தேர்ந்தேன்: மேலே டார்க் கிரீன், ஓஷன் கிரே, கீழே மீடியம் சீ கிரே, வால்பகுதியைச் சுற்றி ஸ்கை நிறத்தில் ஒரு வளையம், சிறகின் முன்விளிம்பில் வெளிப்பக்கமாக மஞ்சள் பட்டை. இந்தத் திட்டத்தில் ஒவ்வொரு நிறமும் இன்னொன்றைக் கூர்மையான கோட்டில் சந்திக்கிறது. ஆகவே ஒரே பரப்பில் டேப்பை ஐந்தாறு முறையாவது ஒட்டி எடுக்க நேர்கிறது. ப்ரைமர் பிளாஸ்டிக்கைப் பிடித்திருக்கிறதா என்பதை இதைவிடக் கடுமையாகச் சோதிக்கும் வண்ணத்திட்டம் குறைவு.

பாகங்களைத் திரவப் பசையால் ஒட்டினேன். மாதிரி கட்டுபவர்கள் பசை என்று சொன்னாலும் அது உண்மையில் கரைப்பான்தான். டாமியா நிறுவனத்தின் எக்ஸ்ட்ரா தின் போன்றவற்றில் இருப்பவை பியூட்டைல் அசிடேட்டும் அசிட்டோனும். அவை இரண்டு பாகங்களின் விளிம்புகளிலும் உள்ள பாலிஸ்டைரீனை, அதாவது மாதிரியின் பிளாஸ்டிக்கை இளக்கி, இரண்டின் மூலக்கூற்றுச் சங்கிலிகளும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளச் செய்துவிட்டு, பின்னர் ஆவியாகிப் போய்விடுகின்றன. மிஞ்சுவது ஒட்டு அல்ல, பற்றவைப்பு. காக்பிட் கண்ணாடியை மட்டும் வெள்ளைப் பசையால், அதாவது பி.வி.ஏ. பசையால் ஒட்டினேன். சூப்பர் க்ளூவின் ஆவி தெளிந்த பிளாஸ்டிக்கின் மேல் வெண்பனி போலப் படிந்துவிடும் என்பதே அதற்குக் காரணம்.

ப்ரைமருக்கு நீர் சார்ந்த அக்ரிலிக்-பாலியூரிதேன் வகையைப் பயன்படுத்தினேன். நாற்றம் குறைவு, காற்றழுத்தத்தால் வண்ணம் தெளிக்கும் ஏர்பிரஷைத் தண்ணீரிலேயே கழுவலாம் என்ற வசதிக்காக எடுத்த முடிவு அது. அதன்மேல் ஆல்கஹாலில் நீர்க்கும் அக்ரிலிக் வண்ணங்களை 0.3 மி.மீ. முனையுள்ள ஏர்பிரஷால் அடித்தேன். முன்விளிம்பின் மஞ்சளை மட்டும் எண்ணெய் சார்ந்த வண்ணமான எனாமலில் தூரிகையால் தீட்டினேன். ஒவ்வொரு படியின் நாளையும் நேரத்தையும் குறிப்பேட்டில் எழுதிவைக்கும் வழக்கம் எனக்கு உண்டு. இந்த ஆய்வைச் செய்ய முடிந்ததே அந்தக் குறிப்பேட்டினால்தான் என்பதால், தொடர்புள்ள மூன்று குறிப்புகளை அப்படியே தருகிறேன். உப்புத்தாள் போட்டு முடித்த பிறகு மாதிரியை உலர்ந்த துணியால் துடைத்தேன், கழுவவில்லை. ப்ரைமர் அடித்து இரண்டு மணி நேரத்தில் முதல் வண்ணத்தை அடித்தேன். விமான உடலின் இரு பாதிகளும் சேரும் முதுகுப்புற இணைப்புக் கோட்டை, பசை வைத்த மறுநாளே தேய்த்துச் சமப்படுத்தினேன். எழுதிய நாளில் இவற்றில் ஒன்றுகூடத் தவறாகத் தோன்றவில்லை.

உரிந்த துண்டு

வண்ணம் உரிந்தால் முதலில் வருவது எரிச்சல். உடனே கை அந்த இடத்தை மறுபடி பூசி மறைக்கத் துடிக்கும். அதற்கு முன் உரிந்த துண்டைப் பத்திரப்படுத்த வேண்டும் என்று உறுதியாகச் சொல்வேன், ஏனெனில் நடந்தது என்ன என்பதற்கு அந்தத் துண்டைவிட நல்ல சாட்சி வேறெதுவும் இல்லை. டேப்பிலிருந்து அதை ஊசிமுனையால் மெல்லப் பிரித்தெடுத்து, பத்து மடங்கு பெரிதாக்கும் கைவில்லையில் பார்த்தேன். மேற்புறம் பச்சை, வெட்டுவாயில் நடுவே சாம்பல், அடியில் ப்ரைமரின் கருமை என மூன்று அடுக்குகளும் ஒன்றைவிட்டு ஒன்று பிரியாமல் ஒரே தோலாக இருந்தன. அடிப்புறம் கண்ணாடிபோல் வழவழப்பாக இருந்தது. தகடுகளின் விளிம்பைக் காட்டச் சிறகில் பள்ளமாக ஓடும் பேனல் கோடு, துண்டின் அடியில் மயிரிழை மேடாக, அச்சில் வார்த்ததுபோல் பதிந்திருந்தது. அதன் ஒரு மூலையில் மட்டும் வெண்மையான பொடி ஒட்டியிருந்தது. அது உப்புத்தாளில் தேய்த்த பிளாஸ்டிக் தூள்.

இந்த மூன்று அறிகுறிகளும் ஒரே இடத்தைக் காட்டின. வண்ண அடுக்குகள் தமக்குள் பிரிந்திருந்தால் அடிப்புறத்தில் சாம்பலோ பச்சையோ தெரிந்திருக்கும், சிறகில் ப்ரைமர் மிஞ்சியிருக்கும். சிறகிலோ வெறும் பிளாஸ்டிக்தான் தெரிந்தது. ஆகவே பிடிமானம் விட்டுப்போனது ப்ரைமருக்கும் பிளாஸ்டிக்குக்கும் இடையே. பேனல் கோட்டின் அச்சு இவ்வளவு துல்லியமாகப் பதிந்திருந்ததால், ப்ரைமர் பரப்பில் படியத்தான் செய்திருக்கிறது, ஆனால் பற்றவில்லை என்பதும் தெளிவாயிற்று. தூள் ஒட்டியிருந்த மூலை, நான் கழுவாமல் விட்டதற்கான நேரடிச் சான்று.

அந்தத் துண்டை இரண்டாக மடித்து, மறுபடி இரண்டாக மடித்து, நான்கு அடுக்குகளையும் சேர்த்துத் தடிமன் அளக்கும் கருவியான காலிப்பரில் அளந்தேன், 0.36 மி.மீ. வந்தது. ஒரு படலத்துக்கு 0.09 மி.மீ. என்றால், உண்மை விமானத்தின் அளவுக்குப் பெருக்கும்போது 4.3 மி.மீ. தடிமன் ஆகிறது. உரிதலோடு நேரடித் தொடர்பில்லாத கணக்குதான் இது. என்றாலும், என் பூச்சு இருக்க வேண்டியதைவிடக் கனமாக இருந்தது என்பதையும், கனமான படலம் உலர நேரம் மிகுதியாகத் தேவைப்படும் என்பதையும் அது எனக்குக் காட்டியது.

பள்ளத்தின் விளிம்பைத் தேய்த்துச் சரிவாக்கி, அந்த இடத்தை மட்டும் மறுபடி பூசலாம் என்று முயன்றேன். 1000 எண் உப்புத்தாளை ஈரமாக்கி லேசாகத் தேய்த்ததும் விளிம்பு மெலிவதற்குப் பதிலாகச் சுருண்டு, அழிப்பான் துகள்போல் உருண்டு, இன்னும் இரண்டு மி.மீ. உள்நோக்கிக் கிழிந்தது. பாலியூரிதேன் கலந்த ப்ரைமர் மீள்தன்மையுள்ள தோலாகவே இறுகும். கடுமையான கரைப்பானில் கலந்த லாக்கர் ப்ரைமர்போல் மாவாகத் தேய்வதில்லை. ஓரிடத்தில் பிடிமானம் விட்டிருந்தால் மற்ற இடங்களிலும் விட்டிருக்கக்கூடும். இனி ஒட்டப்போகும் ஒவ்வொரு டேப்பையும் அஞ்சிக்கொண்டே எடுக்கும் மாதிரி எனக்கு வேண்டாம் என்று முடிவு செய்தேன்.

முழுவதையும் அகற்றும் முன் காரணத்தைப் பிரித்தறிய ஒரு சிறு சோதனை செய்தேன். அதே பெட்டியில் பயன்படாமல் மிஞ்சிய நான்கு பாகங்களை எடுத்து, நான்கையும் ஒரே உப்புத்தாளில் தேய்த்தேன். முதலாவதைக் கழுவாமல் அதே ப்ரைமரை அடித்து இரண்டு மணி நேரத்தில் வண்ணம் பூசினேன். இரண்டாவதைக் கழுவிவிட்டு அதே இரண்டு மணி நேரம். மூன்றாவதைக் கழுவி இரண்டு நாள் விட்டேன். நான்காவதைக் கழுவாமல் லாக்கர் ப்ரைமர் அடித்தேன். எல்லாம் நன்கு உலர்ந்த பின் கூர்மையான கத்தியால் கட்டம் கட்டமாகக் கீறி, டேப்பை அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று இழுத்தேன். முதலாவதில் கட்டங்கள் ஏறக்குறைய முழுவதும் வந்துவிட்டன. இரண்டாவதில் விளிம்புகள் மட்டும் உரிந்தன. மூன்றாவதில் இரண்டு கட்டங்களின் மூலை போயிற்று. நான்காவதில் கீறிய கோடுகளைத் தவிர ஒன்றும் நகரவில்லை.

ஒரு முறை மட்டும், ஒவ்வொரு நிலைக்கும் ஒரு பாகத்தில் மட்டும் செய்த சோதனை இது என்பதால், இதற்கு அளவுக்கு மீறிய எடை தர மாட்டேன். ஆனாலும் அதன் போக்கு ஏற்கெனவே அறிந்த வேதியியலோடு ஒத்துப்போகிறது. லாக்கர் ப்ரைமரில் உள்ள கரைப்பான் பாலிஸ்டைரீனின் மேற்பரப்பைச் சற்றே கடித்துக்கொண்டு இறங்குகிறது. மெல்லிய அழுக்கு இருந்தாலும் அதைக் கடந்து பற்றிவிடும். நீர் சார்ந்த ப்ரைமருக்கு அந்தக் கடி இல்லை. அது பரப்பின் மீது படர்ந்து, நீர் வெளியேறி, நுண்துளிகள் ஒன்றோடொன்று இணைந்து படலமாகி, தன் பிடிமானத்தால் மட்டுமே நிற்க வேண்டும். விரலின் எண்ணெய்ப்பசை, தேய்த்த தூள், வார்ப்பச்சில் தடவும் விடுவிப்புப் பொருளின் எச்சம் ஆகிய மூன்றில் எது இருந்தாலும் பிடிமானம் அங்கே போய்விடுகிறது. தொட்டால் உலர்ந்ததாகத் தெரிவதற்கும் உள்வரை இறுகுவதற்கும் இடையே ஒரு நாளோ இரண்டு நாளோ ஆகலாம். இரண்டு மணி நேரத்தில் நான் வண்ணம் பூசி மூடியபோது, வெளியேற வேண்டிய நீரை உள்ளேயே அடைத்துவிட்டேன். ப்ரைமரின் மீது எனக்குக் குறையில்லை. கழுவிய பரப்பையும் இரண்டு நாள் பொறுமையையும் கொடுத்திருந்தால் அது நின்றிருக்கும் என்றே மூன்றாவது பாகம் காட்டுகிறது. டேப்பை நேர் மேல்நோக்கி விரைவாக இழுத்ததும் ஒரு பங்கு வகித்தது. ஆனால் நல்ல பிடிமானமுள்ள பூச்சு அந்த இழுப்பைத் தாங்கியிருக்கும் என்பதால் அதை முதற்காரணமாகக் கொள்ளவில்லை.

வண்ணத்தை அகற்றுதல்

எந்தத் திரவம் என்று தேடும் முன் எந்த அடுக்கு என்று கேட்க வேண்டும். என் மாதிரியில் மூன்று வகைப் பூச்சுகள் இருந்தன. ஒரே திரவம் மூன்றுக்கும் பொருந்தாது. ஆல்கஹாலில் நீர்க்கும் அக்ரிலிக்கை ஐசோபுரோபைல் ஆல்கஹால் எளிதில் இளக்கிவிடும். நீர் சார்ந்த ப்ரைமரை அது கரைப்பதில்லை, ஊதவைத்துப் பிரிக்கிறது. எனாமலோ வேறு இனம்: அது கரைப்பான் ஆவியாவதோடு நில்லாமல், காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்றுக் குறுக்குப் பிணைப்புகளோடு இறுகுவதால், நன்கு இறுகிய பின் ஆல்கஹாலுக்கு அசைவதில்லை. லாக்கர் வண்ணத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. அதைக் கரைக்கவல்ல கடுமையான தின்னர்கள் பிளாஸ்டிக்கையும் சேர்த்தே கரைத்துவிடும். இம்மாதிரியில் லாக்கர் இல்லாதது என் நற்பேறு. அசிட்டோனை உலோக வார்ப்புகளுக்குப் பயன்படுத்தலாம். பாலிஸ்டைரீனுக்கு அருகிலேயே கொண்டுவரக் கூடாது.

பலர் பரிந்துரைக்கும் வேறு சில திரவங்களையும் எண்ணிப் பார்த்தேன். பிரேக் ஆயில் எனாமலைக் கழற்றும். ஆனால் சில பிளாஸ்டிக்குகளை நொறுங்கும்படி ஆக்கிவிடுவதாகக் கட்டுபவர்கள் எச்சரிப்பதாலும், தோலுக்கு ஆகாது என்பதாலும், அப்புறப்படுத்துவது தொல்லை என்பதாலும் அதை விலக்கினேன். டெட்டால் போன்ற பைன் எண்ணெய் கலந்த கிருமிநாசினி அக்ரிலிக்கை நன்றாக எடுக்கும். ஆனால் ஊறிய பாகத்தை நேராகத் தண்ணீரில் கழுவினால் இளகிய வண்ணம் தாரைப்போல் பிசுபிசுத்து எல்லாப் பள்ளங்களிலும் அப்பிக்கொள்ளும். முதல் அலசலைப் புதிய டெட்டாலிலேயே செய்து, வண்ணம் முழுதும் போன பிறகே தண்ணீருக்கு வர வேண்டும். குரோம் பூச்சுள்ள பாகங்களுக்கு வீட்டு பிளீச் போதும். அந்த பிளீச்சை அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பானோடு ஒருபோதும் சேர்க்கக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் நச்சு வாயு கிளம்பும்.

ஐசோபுரோபைல் ஆல்கஹாலை முதலில் அதே பெட்டியின் ஸ்ப்ரூ துண்டில், அதாவது பாகங்களைத் தாங்கி வரும் பிளாஸ்டிக் சட்டத்தின் துண்டில், ஓர் இரவு சோதித்தேன். பிளாஸ்டிக்கின் பளபளப்பு மாறவில்லை, நகத்தால் அழுத்தினால் தடம் விழவில்லை. காக்பிட் கண்ணாடியின் விளிம்பில் வெதுவெதுப்பான நீரைத் தடவித் தடவி வெள்ளைப் பசையை இளக்கி, அதைத் தனியே எடுத்து வைத்தேன். தெளிந்த பாகங்களை ஆல்கஹாலில் போடக் கூடாது. பட்டால் நுண்விரிசல் விழுந்து மங்கிப்போகலாம். பிறகு ஜன்னல்களைத் திறந்துவிட்டு, தீப்பொறி எதுவும் அருகில் இல்லாதபடி பார்த்துக்கொண்டு, மூடியுள்ள நீள்தட்டில் மாதிரியை மூழ்கவிட்டேன்.

இருபது நிமிடத்தில் பச்சையும் சாம்பலும் சேறாகி இறங்கின. மென்மையான பல்துலக்கும் தூரிகையால், பேனல் கோடுகளின் திசையிலேயே தேய்த்தேன். குறுக்கே தேய்த்தால் கோட்டுக்குள் சேறு அமுங்கிவிடும். ப்ரைமர் அசையவில்லை. ஓர் இரவு ஊறிய பின் காலையில் திறந்தபோது, அது சிறகைவிட்டுக் கழன்று, வேகவைத்த தக்காளியின் தோல்போல் சுருங்கி மிதந்தது. வலச்சிறகில் இரண்டு இடங்களில் மட்டும் இறுகப் பற்றி நின்றது. குறிப்பேட்டின்படி அவை நான் விரலால் பிடிக்காத இடங்கள். ஏர்பிரஷைப் பிடிக்கும்போது வாலையும் இடச்சிறகையுமே மாற்றி மாற்றிப் பிடித்திருந்தேன். சோதனைப் பாகங்களைவிட இந்த இரண்டு திட்டுகளே என்னை நம்பவைத்தன. கோடுகளுக்குள் மிஞ்சியதை மரப் பல்குச்சியின் முனையைச் சீவி, ஒவ்வொரு கோடாக எடுத்தேன். உலோக ஊசி வேகமாக எடுத்திருக்கும். ஆனால் ஊறிய பிளாஸ்டிக்கில் கோட்டைத் தாண்டி ஒரு கீறல் விழுந்தால் அதைத் திருத்துவதற்கு அரைநாள் போய்விடும்.

மஞ்சள் எனாமல் எதிர்பார்த்தபடியே நின்றது. அதற்கு சோடியம் ஹைட்ராக்சைடு கலந்த அடுப்புத் துப்புரவு நுரையை முன்விளிம்பில் மட்டும் இட்டேன். எனாமலின் ஆல்கிட் பிசினில் உள்ள எஸ்டர் பிணைப்புகளைக் காரம் உடைத்துவிடுகிறது. எண்ணெய் சோப்பாக மாறுவதும் இதே வினைதான். பாலிஸ்டைரீனைக் காரம் தொடுவதில்லை. கண்ணுக்குக் காப்பும் கைக்குக் கனமான உறையும் இல்லாமல் இந்த நுரையைத் திறக்கவே கூடாது என்று அழுத்திச் சொல்கிறேன். கண்ணில் ஒரு துளி பட்டாலும் பார்வைக்கே கேடு. அலுமினியத்தில் கடைந்த பீரங்கிக் குழல்களைக் காரம் அரித்துவிடும் என்பதால், அப்படிப்பட்டவை இருந்தால் முன்னரே கழற்றிவிட வேண்டும். ஒரு மணி நேரத்தில் மஞ்சள் சுருங்கி எழும்பியது. ஏராளமான நீரில் அலசியதும் விளிம்பு வெறுமையாயிற்று.

சிறகடியில் விரிசல்

மாதிரியை உலரவைத்து, மேசைவிளக்கைப் பரப்போடு ஒட்டினாற்போல் சாய்த்து வைத்துப் பார்த்தபோது இரண்டு புதிய செய்திகள் தெரிந்தன. இடச்சிறகு உடலோடு சேரும் மேல்மடிப்பில் 11 மி.மீ. நீளத்துக்கு ஒரு விரிசல் ஓடியது. முதுகுப்புற இணைப்புக் கோடு, மாற்ற முடியாதபடி சமமாக்கிவிட்டேன் என்று நான் நம்பியிருந்த அதே கோடு, மெல்லிய பள்ளமாகத் திரும்பியிருந்தது.

விரிசலுக்கு ஆல்கஹாலைப் பழிப்பது எளிது. அது பாதி உண்மை மட்டுமே. அதே தட்டில், அதே நேரம் ஊறிய வலச்சிறகின் மடிப்பில் ஒரு கீறலும் இல்லை. குறிப்பேட்டைப் புரட்டினேன். இடப்பக்கம் சிறகுக்கும் உடலுக்கும் இடையே ஏறக்குறைய அரை மி.மீ. இடைவெளி இருந்ததாகவும், சிறகுநுனிகளை டேப்பால் மேல்நோக்கி இழுத்துக் கட்டி அந்த இடைவெளியை மூடியதாகவும் எழுதியிருந்தேன். ஸ்பிட்ஃபயரின் சிறகுகள் கிடைமட்டத்திலிருந்து 6 பாகை மேல்நோக்கிச் சாய்ந்தவை. நான் இடப்பக்கத்தை அதற்கும் மேலே வளைத்துப் பிடித்து ஒட்டியிருக்கிறேன். டேப்பை அவிழ்த்த பிறகும் சிறகு தன் இயல்பான நிலைக்குத் திரும்ப ஓயாமல் முயன்றுகொண்டிருந்தது. அதைத் தடுத்து நின்றது அந்த மெல்லிய பற்றவைப்பு ஒன்றே.

இழுவிசையில் இருக்கும் பாலிஸ்டைரீன், விசையில்லாத பாலிஸ்டைரீனைப்போல் நடந்துகொள்வதில்லை. தன்னைக் கரைக்காத திரவம்கூட, விசை குவிந்திருக்கும் இடத்தில் மூலக்கூறுகளின் இடைவெளியில் புகுந்து அவற்றின் பிணைப்பைத் தளர்த்தி நுண்விரிசலைத் தொடங்கிவைக்கும். ஆல்கஹால்கள், எனாமலை நீர்க்கும் வைட் ஸ்பிரிட், லைட்டர் திரவம் ஆகியவை இதற்குப் பெயர்போனவை. பள்ளங்களில் நிழல் காட்ட ஓடவிடும் நீர்த்த வண்ணமான எனாமல் வாஷ் போட்ட மறுநாள் இறங்குகால் முறிந்தது, சிறகடி பிளந்தது என்று கட்டுபவர்கள் சொல்லும் அனுபவங்களுக்கும் பெரும்பாலும் இதுவே அடிப்படை. அங்கே வாஷின் வைட் ஸ்பிரிட், பூச்சில்லாத உட்புறத்துக்குக் கசிந்து, விசையில் இருக்கும் இணைப்பைத் தேடிப் பிடித்துவிடுகிறது. என் மாதிரி அகற்றல் இல்லாமலே தொடர்ந்திருந்தால், அடுத்த படியாக நான் போடவிருந்தது எனாமல் வாஷ்தான். அப்போது விரிசல் முடிந்த வண்ணத்தின் ஊடே, டீக்கலின் மேல் ஓடியிருக்கும்.

முதுகுக் கோட்டின் கதை வேறு. திரவப் பசையைத் தாராளமாக விட்டு, பாகங்களை அழுத்தி, இளகிய பிளாஸ்டிக் மணியாகப் பிதுங்கி எழும்பும்படி செய்வது நல்ல முறையே. ஆனால் அந்த மணி மறுநாள் கெட்டியாகத் தோன்றினாலும் உள்ளே கரைப்பான் இன்னும் மிஞ்சியிருக்கும். அந்நிலையில் தேய்த்துச் சமமாக்கினால், மிச்சக் கரைப்பான் வாரக்கணக்கில் மெல்ல வெளியேறும்போது அந்த இடம் சுருங்கி, சமமாக்கிய மட்டத்துக்குக் கீழே இறங்கிவிடுகிறது. இதைப் பேய்க்கோடு என்று கட்டுபவர்கள் அழைப்பது பொருத்தமே.

மறுகட்டுமானம்

விரிசலில் பசையை ஊற்றி மூடுவது அதே விசையை அங்கேயே வைத்துப் பூட்டுவதாகும். ஆகவே மெல்லிய ரம்பத்தால் இடப்பக்க மடிப்பை முழு நீளத்துக்கும் அறுத்துத் திறந்தேன். அறுத்த கணத்தில் சிறகுநுனி இரண்டு மி.மீ. கீழே இறங்கியது, இத்தனை நாள் அந்த இணைப்பு தாங்கிய விசை அதுதான் என்பதைக் கண்ணாலேயே பார்த்தேன். இடைவெளியில் 0.5 மி.மீ. பாலிஸ்டைரீன் தகட்டை வடிவுக்கு வெட்டிச் செருகி, சிறகு தானாக நிற்கும் நிலையிலேயே சரியான சாய்வு வரும்வரை தேய்த்துத் தேய்த்துப் பொருத்தினேன். பசை தொடும் முன், கையை எடுத்தாலும் பாகங்கள் அப்படியே நிற்கின்றனவா என்று பார்ப்பதுதான் இதில் முக்கியமான படி. டேப் இழுத்துப் பிடிப்பதற்காக இருக்கக் கூடாது, நகராமல் வைத்திருப்பதற்கு மட்டுமே இருக்க வேண்டும். ஒட்டிய பின் பத்து நாள் தொடவில்லை.

முதுகுக் கோட்டுக்கு சூப்பர் க்ளூவை நிரப்பியாகப் பயன்படுத்தினேன். அது ஈரத்தின் உதவியால் இறுகுவது. ஆவியாகிப் போகும் கரைப்பான் அதில் இல்லாததால் பின்னர் குறிப்பிடத்தக்க அளவில் சுருங்குவதில்லை. அரைமணி, ஒருமணி நேரத்துக்குள் தேய்த்துவிட வேண்டும். நாள் கடந்தால் பிளாஸ்டிக்கைவிடக் கடினமாகி, உப்புத்தாள் இருபுறமுள்ள பிளாஸ்டிக்கைக் குடைந்துவிட்டு நடுவே பசையை மேடாக விட்டுவிடும்.

பிறகு மாதிரியைப் பாத்திரம் துலக்கும் திரவம் கலந்த வெதுவெதுப்பான நீரில் கழுவி, இரண்டு நாள் உலர்த்தி, நைட்ரைல் உறை அணிந்த கையால் மட்டுமே தொட்டேன். இம்முறை லாக்கர் ப்ரைமர்: மிஸ்டர் சர்ஃபேசர் 1500 ஒரு பங்குக்கு லெவலிங் தின்னர் இரண்டு பங்கு சேர்த்து, 15 முதல் 20 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) அழுத்தத்தில், ஏழெட்டு செ.மீ. தொலைவிலிருந்து மெல்லிய ஈரப்படலமாக மூன்று முறை அடித்தேன். தொலைவு கூடினால் துளிகள் வழியிலேயே உலர்ந்து, பரப்பில் தூளாக உட்காரும். பார்வைக்குச் சொரசொரப்பாகவும் பிடிமானத்துக்கு ஆகாததாகவும் அமையும். காற்றில் ஈரம் மிகுந்த நாளைத் தவிர்த்தேன். லாக்கரின் கரைப்பான் விரைந்து ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, அதில் ஈரம் படிந்து, பூச்சு வெண்மையாக மங்கிவிடும். லாக்கரின் ஆவி கடுமையானது. கரிம ஆவிகளைத் தடுக்கும் வடிகலன் பொருத்திய முகமூடியும் ஆவியை வெளியேற்றும் விசிறியும் இல்லாமல் இதை அடிப்பதில்லை. நீர் சார்ந்த ப்ரைமரின் வசதியை விட்டதற்கு நான் கொடுக்கும் விலை அது.

மஞ்சளை இம்முறை முதலிலேயே, வெள்ளை அடிப்பூச்சின் மேல், அக்ரிலிக்கில் அடித்தேன். வெளிர்நிறம் முதலில், கருநிறம் பிறகு என்னும் வரிசையில் போனால் மஞ்சளுக்குப் படலங்கள் மிகவும் குறைவாகவே தேவைப்படுகின்றன. ஒவ்வொரு நிறத்துக்கும் இடையில் ஒரு முழுநாள் விட்டேன். டேப்பை முதலில் சுத்தமான கண்ணாடியில் ஒட்டி எடுத்து அதன் பிசுக்கைக் குறைத்தேன். கழற்றும்போது தன்மேலேயே மடித்துப் படுக்கையாக, மெல்ல இழுத்தேன். இடச்சிறகின் முன்விளிம்பில் டேப் வந்தபோது அதன் அடிப்பக்கம் சுத்தமாக இருந்தது. மிஞ்சிய பாகம் ஒன்றில் அதே அடுக்குகளைப் பூசி, மடித்து அளந்த தடிமன் 0.05 மி.மீ.

எனாமல் வாஷைப் போட்டு ஐந்து மாதங்கள் ஆகின்றன. வாரம் ஒருமுறை சாய்ந்த ஒளியில் சிறகடியையும் முதுகையும் பார்த்துவருகிறேன். விரிசலும் கோடும் இதுவரை திரும்பவில்லை. இடப்பக்க மடிப்பைத் தேய்த்தபோது அழிந்த நான்கு ரிவெட் புள்ளிகளை ஊசியால் மறுபடி குத்தினேன். அவற்றில் ஒன்று வரிசையைவிட்டுச் சற்று விலகியிருக்கிறது. வண்ணத்தின் மேல் திருத்த முடியாதது அது.